ஆலைக்கு இலாபம் 35 இலட்சம், பெறுமதி எவ்வளவு?

கேள்வி: நாங்கள் சிலர் பங்கு வைத்திருக்கும் அரிசி ஆலைக் கம்பனியின் உரிமை மூலதனம் (பங்குதாரர் போட்ட காசும் கம்பனியில் விட்டுவைத்த இலாபமும்) 2.5 கோடி ரூபா. வரி போக இலாபம் 35 இலட்சம். "விவசாயிகளுக்கு 9 கோடி வழங்கினோம், பாடசாலைகளுக்குக் கொப்பி கொடுத்தோம்" என்றும் ஆண்டறிக்கை சொல்கிறது. எங்களுக்கும் ஊருக்கும் உண்மையில் கிடைத்தது எவ்வளவு?
பங்குதாரர், சம்மாந்துறை

பதில்: முதலில் உங்கள் பங்கைப் பாருங்கள். இதே ஆபத்துள்ள வேறு தொழிலில் அந்தக் காசைப் போட்டிருந்தால் என்ன வருமானம் கேட்டிருப்பீர்கள்? நிலையான வைப்பு வட்டியோடு நெல் விலை, வெள்ளம், இயந்திரப் பழுது எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 வீதம் என்று வைப்போம். அது 37.5 இலட்சம். கணக்கில் இலாபம் இருந்தும் உங்களுக்கு 2.5 இலட்சம் குறைவு.

வங்கிக் கடனையும் சேர்த்து மொத்த மூலதனம் எத்தனை வீதம் உழைத்தது என்று பார்ப்பவர்கள் சறுக்குவது கணக்காண்டு முடியும் மார்ச் 31இல். பெரும்போக அறுவடை முடிந்து, களஞ்சியத்து நெல்லும் அதற்கெடுத்த கடனும் உச்சத்தில் நிற்கும் நேரம் அது. அந்த ஒரு நாள் மீதியை எடுத்தால் ஆலை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். 12 மாத இறுதி மீதிகளின் சராசரியை எடுங்கள். வட்டியை இலாபத்தோடு திரும்பக் கூட்டவும் மறக்க வேண்டாம்.

அடுத்தது ஊர். அந்த 9 கோடி நெல்லின் விலை. வேறு ஆலைக்கு விற்றிருந்தாலும் விவசாயிக்கு ஏறத்தாழ அது கிடைத்திருக்கும். விற்பனையிலிருந்து நெல், மின்சாரம், சாக்கு, லொறிக் கூலி என வெளியில் வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவதே ஆலை சேர்த்த பெறுமதி. உதாரணத்துக்கு, விற்பனை 12 கோடி, வெளிக் கொள்வனவு 10.4 கோடி என்றால் அது 1.6 கோடி. அதில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதியோடு சம்பளம் 70 இலட்சம், வட்டி 20, வரி 20, தேய்மானம் 15, மீதி உங்கள் 35. இப்படி ஒரு பக்கக் கூற்றைப் பணிப்பாளர்களிடம் கேளுங்கள்.

விவசாயிக்குச் செய்த நன்மையை நிறுவைத் தராசடியில்தான் அளக்க வேண்டும். அன்று பக்கத்து ஆலை கொடுத்ததைவிடக் கிலோவுக்கு எத்தனை ரூபா கூட? காசு எத்தனை நாளில் கைக்கு வந்தது? மூடைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள்? 14 வீதத்துக்கு மேலுள்ள ஈரத்தை ஈரமானியால் அளந்து கழிப்பது நியாயம். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு இரண்டு கிலோ வெட்டுவது விவசாயியின் காசை எடுப்பது.

நெல் ஊறிய தண்ணீரையும் விடாதீர்கள். அது வாய்க்காலில் விழுந்து புளித்தால் தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்து மீன் சாகும். உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி (கழிவை உடைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனின் அளவு) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆய்வுகூட அறிக்கையையும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தையும் கேட்டுப் பாருங்கள். கொப்பிச் செலவைக் காட்டி இதை ஈடுகட்ட முடியாது. இரண்டும் அறிக்கையில் தனித்தனியாக, தத்தம் அலகிலேயே நிற்கட்டும்.

கேள்வி: கம்பனிக் காணியை மறுமதிப்பிட்டதில் பெறுமதி ஏறிவிட்டது. ஆனாலும் பங்கிலாபம் தரவில்லையே?
வாசகி, ஏறாவூர்

பதில்: காணி விலை ஏறியதால் கையில் காசு வராது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பங்கிலாபம் கொடுத்த பின்னும் கம்பனியால் கடன்களை உரிய தவணையில் கட்ட முடிய வேண்டும். சொத்துகளும், பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற தொகை) கூட்டிய தொகையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மறுமதிப்பீடு இரண்டாவதற்குத்தான் உதவும். முதலாவதில் கம்பனி தவறுகிறதா என்று காசுப் பாய்ச்சல் கூற்றில் பாருங்கள்.