அணுக்கருவின் தோல்: கேள்வி பதில்

இந்த வாரப் பதில்கள் என்னுடையவை. அணுக்கருவின் அமைப்பைக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. அணு உலை, கதிர்வீச்சுச் சிகிச்சை, அணுகுண்டு மூன்றும் என் துறை இல்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: ஓர் அளவைக் குறிப்பிட்டால் அதன் ±, அதாவது பிழை வரம்பு, எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் வரும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பிளஸ் டூ மாணவி: அக்கா, அணுக்கருவை மைக்ராஸ்கோப்பில்கூடப் பார்க்க முடியாது. அப்புறம் அதன் ஆரம் இவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறாய். சிறு துளை வழியாக ஒளி போனால் சுவரில் வெளிச்ச வளையமும் இருட்டு வளையமும் மாறி மாறி விழும். துளை சிறியதானால் வளையம் பெரிதாகும். துளையை அளக்காமலே, வளையத்தை அளந்து துளையின் அளவைச் சொல்லிவிடலாம். அணுக்கருவுக்கும் இதே வழிதான். ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான். அதன் அலைநீளம் அணுக்கரு அளவுக்குச் சுருங்க வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கான மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை.

1950களில் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் இதைச் செய்தார். 1961இல் நோபல் பரிசு பெற்றார். எந்தக் கோணத்தில் எலெக்ட்ரான் குறைவாக வருகிறது என்பதிலிருந்து ஆரம் கிடைத்தது. அந்தக் குறைவு எவ்வளவு ஆழம் என்பதிலிருந்து ஓரம் எவ்வளவு மங்கல் என்பதும் கிடைத்தது. ஈயம்-208இன் மின்னூட்ட ஆரம் சுமார் 5.50 ஃபெம்டோமீட்டர். ஒரு ஃபெம்டோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

ஆனால் ஒன்றைக் கவனி. எலெக்ட்ரான் பார்ப்பது மின்னூட்டத்தை, அதாவது புரோட்டானை. நியூட்ரான் அதன் கண்ணில் கிட்டத்தட்டப் படுவதே இல்லை. கால்சியம்-40இல் எட்டு நியூட்ரானைக் கூடுதலாகச் சேர்த்தால் கால்சியம்-48. இரண்டின் மின்னூட்ட ஆரமும் சுமார் 3.48தான்! எட்டு விருந்தாளிகள் வந்தும் வீடு அதே அளவில் தெரிகிறது. அந்த எட்டுப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் இன்று நான் அதிகம் பேசப்போகிற விஷயம்.

கல்லூரி மாணவர்: அணுக்கரு உருண்டைதானே?

சில மட்டும். புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை இரண்டும் மாய எண்களாக (2, 8, 20, 28, 50, 82, 126) இருந்தால் பெரும்பாலும் உருண்டை. இடையில் உள்ளவற்றில் பல, ரக்பி பந்து மாதிரி நீண்டவை. ரேடியம்-224 பேரிக்காய் வடிவம் என்று 2013இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில் காட்டினார்கள்.

பெயர் சொல்லாதவர்: ஈயத்தைத் தங்கமாக்க முடியுமா?

முடியும். செர்னில் ஈய அணுக்கருக்கள் உரசிக்கொண்டு போகும்போது மூன்று புரோட்டான் கழன்றால் தங்கம். 2015 முதல் 2018 வரை அங்கே அப்படி உண்டானது மொத்தம் 29 பிக்கோகிராம். உண்டான நொடியிலேயே சிதைந்தும் போயிற்று.

இயற்பியல் ஆசிரியர்: இரும்பு-56தான் மிக இறுக்கமாகப் பிணைந்த அணுக்கரு என்று பாடத்தில் நடத்துகிறோம். நிக்கல்-62 என்று ஒரு மாணவன் வாதாடுகிறான். யார் சரி?

உங்கள் மாணவன். ஒரு துகளுக்கான பிணைப்பு ஆற்றல் நிக்கல்-62இல் 8.795, இரும்பு-56இல் 8.790 மெகா எலெக்ட்ரான் வோல்ட். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் நிறைகளை மிக நுட்பமாக அளந்திருப்பதால் சந்தேகமே இல்லை. குழப்பம் வந்த வழி இது: ஒரு துகளுக்கான *நிறை* மிகக் குறைவாக இருப்பது இரும்பு-56இல். நியூட்ரானைவிடப் புரோட்டான் லேசு. நிக்கல்-62ஐவிட இரும்பு-56இல் புரோட்டான் விகிதம் அதிகம். உலகில் இரும்பு மலிந்து கிடப்பதற்கோ காரணம் வேறு. வெடிக்கும் விண்மீன்கள் நிக்கல்-56ஐச் சமைக்கின்றன. அது கோபால்ட்-56 ஆகி, பிறகு இரும்பு-56 ஆகிறது. வகுப்பில் அந்த மாணவனைப் பாராட்டிவிடுங்கள்.

முதுகலை மாணவர்: மேடம், நியூட்ரான் தோல் பற்றிச் சொல்லுங்கள். ஈயத்தில் 0.28 என்று படித்தேன்.

0.28 இல்லை தம்பி, 0.283 ± 0.071 ஃபெம்டோமீட்டர். இதற்காகத்தான் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

ஈயம்-208இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். அதிகப்படியான 44 நியூட்ரான்களுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. மேற்பரப்பு இழுவிசை, 'உள்ளே போ, மேற்பரப்பைக் குறை' என்கிறது. மையத்திலோ அடர்த்தி அதிகம். புரோட்டானைவிட நியூட்ரான் கூடினால் கட்டவேண்டிய ஆற்றல் அபராதமும் அங்கே அதிகம். அதற்குச் சமச்சீர் ஆற்றல் என்று பெயர். அது அடர்த்தியோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அவ்வளவுக்கு நியூட்ரான்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். புரோட்டான்கள் முடிந்த பிறகும் வெளியே நீளும் அந்த மெல்லிய பகுதியே தோல். நியூட்ரான் விண்மீன் தன் எடையில் நொறுங்காமல் நிற்பதும் இதே அழுத்தத்தால்தான். தோல் தடித்தால் விண்மீனும் பெரிது. ஐந்தரை ஃபெம்டோமீட்டர் உருண்டையும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரமுள்ள விண்மீனும் ஒரே சமன்பாட்டில் வருகின்றன. எத்தனை வருடமானாலும் எனக்கு இது பழகவில்லை.

இதை அளந்தது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜெஃபர்சன் ஆய்வகம். சோதனையின் பெயர் ப்ரெக்ஸ். வலிமை குறைந்த அணுக்கரு விசைக்குப் புரோட்டான் கிட்டத்தட்டத் தெரியாது (சுமார் 0.07), நியூட்ரான் நன்றாகத் தெரியும் (சுமார் −0.99). மின்காந்த விசைக்கு நேர் எதிர். வலிமை குறைந்த விசை மட்டும் இடம் வலம் பார்க்கும். எனவே எலெக்ட்ரானின் தற்சுழற்சியை ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மாற்றி மாற்றி அனுப்பி, சிதறலில் வித்தியாசம் பார்த்தார்கள். கிடைத்த வித்தியாசம் நூறு கோடியில் 550 பங்கு.

அந்த ஈயத் தகட்டையும் சொல்ல வேண்டும். தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். கற்றை பட்டால் தாங்காது. அதனால் இரண்டு மெல்லிய வைரத் தகடுகளுக்கு நடுவே ஈயத்தை வைத்து, குளிர்ந்த ஹீலியத்தால் குளிரூட்டிய செப்புச் சட்டத்தில் பொருத்தினார்கள். வைரம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்தும். அப்படியும் தகடுகள் கெட்டுப்போகும் என்பதால் பல தகடுகளைத் தயாராக வைத்திருந்தார்கள்.

ஏன் ஈயம்-208? இரண்டு பக்கமும் மாய எண், உருண்டை வடிவம். அதன் முதல் கிளர்வு நிலை 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருப்பதால், ஆற்றலை இழந்து வந்த எலெக்ட்ரானைக் காந்தத்தால் தனியே பிரித்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: கூடங்குளத்தில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி வீடு வாங்கலாம்?

முக்கியமான கேள்விதான், ஆனால் எனக்குத் தகுதி இல்லாத கேள்வி. கதிர்வீச்சுப் பாதுகாப்பு படித்தவரிடம் கேளுங்கள்.

முதுகலை மாணவர்: மேடம், அதே ஆய்வகம் கால்சியம்-48ஐ அளந்ததில் தோல் மெல்லிசு என்று வந்ததே. ஈயத்தில் தடிப்பு, கால்சியத்தில் மெல்லிசு. இரண்டில் ஒன்று தப்பு, அப்படித்தானே?

அவசரப்படாதீர்கள். அந்தக் கால்சியம் சோதனையின் பெயர் க்ரெக்ஸ். 2022இல் வெளிவந்த அதன் முடிவு 0.121 ± 0.026 ஃபெம்டோமீட்டர், அதோடு மாதிரியைச் சார்ந்த பிழை தனியாக ± 0.024. அந்த இரண்டாவது ± எதற்கு? நேரடியாக அளந்தது தோலை அல்ல. ஒரே ஒரு கோணத்தில், இட வல வித்தியாசத்தை. அதைத் தோலின் தடிமனாக மாற்ற, நியூட்ரான் பரவல் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி வேண்டும். செய்தியில் 'தோலை அளந்தார்கள்' என்று வரும்போது இந்த நடுப்படி காணாமல் போகிறது.

முதுகலை மாணவர்: சரி. ஆனால் பழைய மாதிரிகள் பலவற்றால் இரண்டையும் சேர்த்து விளக்க முடியவில்லையே?

உண்மை. ப்ரெக்ஸை மட்டும் வைத்தால் சமச்சீர் ஆற்றலின் சரிவு (அடர்த்தியோடு அது ஏறும் வேகம்) 106 ± 37 மெகா எலெக்ட்ரான் வோல்ட்; பெரிய விண்மீன் வேண்டும். 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை, இறுக்கமான, சிறிய விண்மீனின் பக்கம் சாய்கிறது. க்ரெக்ஸும் அந்தப் பக்கமே. இதைத் தீர்க்க வேண்டும், மறைக்கக்கூடாது. கணக்கு எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்கும் அடுத்தவருக்குப் பதில் சொல்லிவிட்டு இதற்கு வருகிறேன்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: கணக்கிடுவது என்றால் ஃபார்முலாவில் எண்ணைப் போடுவதா?

1935இல் வைட்ஸாக்கர் தந்தது அந்த வகை: நான்கைந்து எண்களை வைத்து, நிறையை நன்றாகவே சொல்லும். இன்று செய்வது வேறு. இரண்டு துகளுக்கு இடையிலான விசை, மூன்று துகள் கூடினால் மட்டும் வரும் விசை, இவற்றைச் சிதறல் அளவுகளிலும் சிறிய அணுக்கருக்களிலும் சரிபார்த்துக்கொண்டு, அத்தனை துகளுக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கிறோம். அணி எழுதினால் வரிசைகள் கோடிக்கணக்கில் போகும். பெரிய அணுக்கருவுக்கு அப்படி எழுதவே முடியாது. கப்புள்டு கிளஸ்டர் மாதிரி முறைகள் வேண்டும். அந்த முறை பிறந்தது அணுக்கரு இயற்பியலில், வளர்ந்தது வேதியியலாளர் வீட்டில், பிறகு தாய்வீடு திரும்பியது.

படிக்கும் காலத்தில் ஆக்சிஜன்-16க்கு ஆற்றலும் ஆரமும் கணக்கிட்டேன். ஆற்றல் அழகாக நிலைத்தது. ஆரத்தையும் எழுதிக் கொண்டுபோனேன். வழிகாட்டி ஒன்றுமே சொல்லாமல், அணுக்கருவின் அலைவடிவத்தைக் கட்ட நான் பயன்படுத்திய அலையியற்றியின் அதிர்வெண்ணை மாற்றி மறுபடி ஓட்டச் சொன்னார். அது நாமாகத் தேர்ந்தெடுக்கும் எண். விடை அதைப் பொறுத்து மாறவே கூடாது. ஆற்றல் அசையவில்லை, ஆரம் நகர்ந்தது. அலையியற்றியின் வால், அதாவது ஓரத்தில் மங்கி மறையும் பகுதி, உண்மையான அணுக்கருவின் வாலைவிட வேகமாகச் செத்துவிடும். ஆரத்துக்கு அந்த வால்தான் முக்கியம். கணக்குக்கும் ± உண்டு என்பதை அன்று கற்றேன்.

மூன்று துகள் விசை ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு துகள் விசையை மட்டும் வைத்தால் ஆக்சிஜன்-28 கூட நிலைத்து நிற்கும் என்று கணக்கு வரும். உண்மையில் ஆக்சிஜன் 24உடன் நின்றுவிடுகிறது. மூன்றாவது விசையைச் சேர்த்ததும் கணக்கும் 24இல் நின்றது. 2023இல் ஜப்பானின் ரிக்கென் கூடத்தில் ஆக்சிஜன்-28ஐ உண்டாக்கியே பார்த்தார்கள். 8 புரோட்டான், 20 நியூட்ரான், இரண்டும் மாய எண்தான். ஆனாலும் நான்கு நியூட்ரானை உதறிவிட்டு உடைந்தது.

வேறொருவர்: ஈயத்தைத் தங்கமாக்கினால் விலை குறையுமா?

மேலே பதில் இருக்கிறது.

வங்கி ஊழியர்: நியூட்ரான் விண்மீன் ஒரு ஸ்பூன் எவ்வளவு எடை?

இது நான்காவது முறை, எனவே ஒருமுறை முழுதாக. அணுக்கருவின் மைய அடர்த்தியில் ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 27 கோடி டன். ஒரு டீஸ்பூன் அதைப்போல் ஐந்து மடங்கு. விண்மீனின் நடுவில் இன்னும் பல மடங்கு. இனி இதைக் கேட்பவர்கள் இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு மாணவி: லித்தியம்-11?

எனக்குப் பிடித்த அணுக்கரு. 1985இல் இசாவோ தனிஹாட்டா குழு பெர்க்லியில் அளந்தபோது, பதினொரே துகள் உள்ள இது எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. லித்தியம்-9ஐச் சுற்றி இரண்டு நியூட்ரான்கள் ஒளிவட்டம் போலப் பரவி, ஈய அணுக்கரு அளவுக்கு நீள்கின்றன. லித்தியம்-10 நிலைக்காது, இரண்டு நியூட்ரான் மட்டும் தனியாகச் சேராது. மூன்றும் கூடினால்தான் கட்டு. மூன்று கால் முக்காலியில் ஒரு காலை எடுத்தால் எல்லாமே விழுவது மாதிரி.

முதுகலை மாணவர்: மேடம், திரும்ப வருகிறேன் என்றீர்கள். கணக்கு ப்ரெக்ஸோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கைத் தூக்கிப் போடுவதுதானே முறை? அளவீடுதானே எஜமான்?

எஜமான்தான். எஜமான் சொன்னதை முழுதாகக் கேட்போம். கால்சியம்-48க்கு முதல் கொள்கைக் கணக்கு (துகள்களுக்கு இடையிலான விசையிலிருந்தே தொடங்கும் கணக்கு) 0.12 முதல் 0.15 வரை என்று 2016இலேயே சொன்னது, க்ரெக்ஸ் முடிவு வர ஆறு வருடம் முன்பு. அளந்தபின் 0.121 வந்தது. ஈயம்-208க்கு 2022இல் நூறு கோடி வகை விசைகளைச் சலித்து எடுத்த கணக்கு 0.14 முதல் 0.20 வரை. ப்ரெக்ஸ் நடுமதிப்பு 0.283. நடுவுக்கு நடு இடைவெளி சுமார் 0.11, ப்ரெக்ஸின் ± அளவில் ஒன்றரை மடங்கு. ஏழெட்டு முறை அளந்தால் ஒருமுறை இவ்வளவு விலகல் தற்செயலாகவே வரும். இதை வைத்து எதையும் தூக்கிப் போட மாட்டேன், சோதனையையும் சரி, கணக்கையும் சரி.

முதுகலை மாணவர்: அப்படியென்றால் எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மெசா என்ற முடுக்கியில் ஈயத்தை மறுபடி அளக்கும் திட்டம் இருக்கிறது. இலக்கு ± 0.03. அங்கேயும் 0.28 வந்தால் இடைவெளி மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அன்று மூன்று துகள் விசையை முதலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும், என் நிரல்கள் உட்பட.