நாவல்பழ வினிகருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சான்றிதழ் தேவையா?

கேள்வி: எங்கள் தோட்டத்து நாவல்பழத்தில் வினிகர் செய்து விற்கிறேன். 15,000 ரூபாய் கொடுத்தால் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் சான்றிதழ்’ வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அதை லேபிளில் போட்டால் இரண்டு மடங்கு விலை போகுமாம். வாங்கலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். அரசு அப்படியொரு சான்றிதழ் தருவதில்லை. ஆய்வுக்கூடம் தருவது சோதனை அறிக்கை மட்டும்தான். நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பாட்டிலைப் பற்றித்தான் அது பேசும். ஆன்டிஆக்ஸிடன்டாக (செல் சிதைவைத் தடுப்பதாகச் சொல்லப்படும் பொருளாக) வேலை செய்யும் நாவலின் நிறச்சத்து வெளிச்சத்திலும் சூட்டிலும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே போகும். இன்றைக்கு வந்த எண் ஆறு மாதம் கழித்துப் பொருந்தாது.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த அறிக்கையில் பழத்தின் பெயர் மட்டும்தான் வேறு. எண்கள் எல்லாம் அதற்கு முன் இன்னொருவர் காட்டிய அறிக்கையில் இருந்தவையே. இப்படிப்பட்ட தாளை நம்பி லேபிள் அச்சடித்தால் மாட்டப்போவது ஏஜென்ட் அல்ல, நீங்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில், தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். இதையெல்லாம் சிறு உற்பத்தியாளருக்குப் புரியும்படி தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் நேரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் முதலில் அளக்கவேண்டியது புளிப்பு. 100 மில்லியில் குறைந்தது 3.75 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கவேண்டும் என்பது விதி. சர்க்கரை ஆல்கஹாலாகி, ஆல்கஹால்தான் அமிலமாகிறது. மழையில் நனைந்த பழத்தில் சர்க்கரை குறைவு, வினிகரும் நீர்த்துப்போகும். முதல் கட்டத்தில் காற்று புகாமலும், இரண்டாம் கட்டத்தில் துணி மட்டும் கட்டிக் காற்றோட்டமாகவும் வைக்கவேண்டும். பித்தளை, அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

புளிப்புச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. நிறங்காட்டி கலந்த வினிகரில், புளிப்பை முறிக்கும் காரக் (அல்கலி) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் இடத்தில் நிறுத்துவார்கள். நாவல் வினிகரிலோ, காரம் சேரச் சேர பழத்தின் சிவப்பே நீலமாகி, பச்சை தட்டும். இளஞ்சிவப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால் நிறத்தை நம்பாமல், அமிலத்தன்மையை எண்ணாகக் காட்டும் பிஎச் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனையிலும் இதே தொல்லைதான். டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் உங்கள் வினிகரைச் சேர்த்து, ஊதா எவ்வளவு வெளுக்கிறது என்று 517 நானோமீட்டர் ஒளியில் பார்ப்பார்கள். நாவலின் சொந்த நிறமும் ஏறக்குறைய அங்கேயே ஒளியை உறிஞ்சும். அதைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் கணக்கு தப்பு. ஃபீனால் என்ற சத்துகளை அளக்கும் ஃபோலின் சோதனையில், வினிகரில் மிச்சமிருக்கும் சர்க்கரையும் எண்ணை ஏற்றிவிடும். எண் சரியாகவே வந்தாலும், குடிப்பவர் உடம்பில் அதே பலன் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. அமெரிக்க வேளாண் துறை இந்தக் காரணத்தையும், நிறுவனங்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தியதையும் சொல்லி, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களைத் தொகுத்த தன் ‘ஓஆர்ஏசி’ பட்டியலை 2012-ல் நீக்கிவிட்டது.

ஒரே ஒரு சமயத்தில் மட்டும் இந்தச் சோதனைக்குச் செலவு செய்யலாம். தோலோடு ஊறவைத்ததா, சாறு மட்டும் பிழிந்ததா, எதில் சத்து அதிகம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியவேண்டும் என்றால் செய்யுங்கள். ஒரே மரத்துப் பழம், ஒரே நாளில் போட்டது, இரண்டு பாட்டிலும் ஒரே ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றாகப் போகவேண்டும். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று அனுப்பினால் ஒப்பிடவே முடியாது. முடிவு ‘ஐசி50’ (ஊதாவைப் பாதியாக வெளுக்க எவ்வளவு வினிகர் தேவை என்ற அளவு) என்று வந்தால், எண் குறைவாக உள்ள பாட்டில்தான் மேல். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் போன்ற இடத்தில் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். நடுவில் ஆள் வேண்டாம்.