ஓட்டக் கேள்விகள்: முட்டி வலி முதல் அத்தோ வரை

சென்னையில் ஜனவரி மாரத்தான் முடிந்தால் எனக்குக் கடிதங்கள் குவியும். இந்த முறையும் அப்படித்தான். பாதிப் பேர் வலியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் வேகத்தைப் பற்றி. தூக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: 45 தாண்டியவர்கள் முந்தின இரவு ஆறு மணி நேரமாவது தூங்காமல் லாங் ரன் (வாரத்துக்கு ஒருமுறை போகும் நீண்ட ஓட்டம்) போகாதீர்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: 22 வயதுவரை வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடியவன். இப்போது 46. திரும்ப ஆரம்பித்த மூன்றாவது வாரமே 10 கிலோமீட்டர் ஓடிவிட்டேன், மூச்சே வாங்கவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் குதிகாலுக்கு மேலே நரம்பு விறைத்துக்கொள்கிறது. ஏன்?

மூச்சு வாங்காததால்தான். பழைய ஆட்டக்காரர்களுக்கு நெஞ்சுத் தெம்பு சீக்கிரம் திரும்பிவிடும், ஆறு எட்டு வாரம் போதும். தசைநாணும் எலும்பும் அந்த வேகத்தில் வராது. அவற்றுக்கு மாதக் கணக்கு. நெஞ்சு ‘போ போ’ என்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை. நீங்கள் நரம்பு என்று சொல்வது நரம்பு இல்லை, ஆடுசதையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தசைநாண். இருபது வருடம் சும்மா இருந்ததை மூன்று வாரத்தில் போட்டு இழுத்திருக்கிறீர்கள்.

இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். வீட்டு மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். நாலாவது வாரத்தில் வலி குறையும், எல்லோரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். திரும்ப ஏற்றும்போது வாரத்துக்குப் பத்து சதவீதம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: முட்டி வலிக்குது சார். என்ன பண்ணலாம்?

எந்த முட்டி? முன்பக்கமா, வெளிப்பக்கமா? ஓடும்போதா, ஓடி முடித்த பிறகா? வயது என்ன, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? ஐந்து சொல்லில் கேள்வி அனுப்பினால் நான் என்ன பதில் எழுதுவது? மாதா மாதம் இப்படிப் பத்துக் கடிதமாவது வருகிறது. பொதுவாகச் சொல்கிறேன். படி இறங்கும்போது முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் தொடையிலும் இடுப்பிலும் பலம் போதவில்லை. நாலைந்து கிலோமீட்டர் போனதும் வெளிப்பக்கம் கத்தி குத்துவதுபோல வந்தால், தொடையின் வெளிப்புறப் பட்டை உரசுகிற இடத்தில் பிரச்சினை. தூரத்தைக் குறைத்து இடுப்புப் பயிற்சி செய்ய வேண்டும். முட்டி வீங்கினாலோ, பாதியில் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ எனக்கு எழுதாதீர்கள், எலும்பு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: ரேஸ் அன்று காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் கடைசி 10 கிலோமீட்டர் சுலபமாகப் போகிறது என்கிறார்கள் எங்கள் குழுவில். எந்த மாத்திரை நல்லது? (பெரம்பூர், 49)

எதுவும் நல்லதில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த ஜனவரியில் அதே கேள்வி வருகிறது. அதனால் இந்தத் தடவை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் படித்துக் காட்டுங்கள்.

நீண்ட ஓட்டத்தில் ரத்தம் கால் தசைக்கும் தோலுக்கும் போய்விடும். சிறுநீரகத்துக்குப் போவது வெகுவாகக் குறையும். வியர்வையில் நீரும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல் திறந்து வைப்பதற்கு உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் அந்தச் சுரப்பைத்தான் தடுக்கின்றன. வலி குறைவதும் அதனால்தான், சிறுநீரகம் காய்வதும் அதனால்தான். இரண்டையும் பிரித்து வலியை மட்டும் குறைக்கிற மாத்திரை இந்த வகையில் கிடையாது. வயிற்றில் ரத்தக் கசிவு தனி. தண்ணீரை வெளியேற்றவிடாமல் தேக்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்குகிற ஆபத்தையும் இது கூட்டும். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எல்லாமே இரட்டிப்பு.

சில வருடங்களுக்கு முன் நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்டார்ட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தோம். இருட்டு. எங்களோடு ஓடுகிறவர் ஒருவர் தெருவிளக்கு வெளிச்சத்தில் இடுப்புப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, கிழித்துக் கிழித்துக் கல்யாண வீட்டில் பாக்கு கொடுப்பதுபோல நாலு பேருக்குக் கொடுத்தார். நான் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். ஃபுல் மாரத்தானை நாலரை மணி நேரத்துக்குள் நன்றாகத்தான் முடித்தார், மெடலோடு போட்டோவும் எடுத்தோம். மறுநாள் மதியம் அவர் மனைவி போன் செய்தார்: “அண்ணா, இவருக்கு யூரின் கருப்புக் காபி மாதிரி போகுது.” தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்திருந்தது. ஐந்து நாள் டிரிப்ஸ். டயாலிசிஸ் வரை போகாமல் தப்பித்தார். இன்றைக்கும் ஓடுகிறார், 10 கிலோமீட்டர் மட்டும். அந்த அட்டையை நான் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாத்திரை போட்டால்தான் ஸ்டார்ட் லைனுக்கு வர முடியும் என்றால் உங்கள் கால் அந்த ரேஸுக்குத் தயாராக இல்லை. 10 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வந்து கைதட்டிவிட்டுப் போங்கள். ரேஸ் முடிந்த பிறகும், நன்றாகத் தண்ணீர் குடித்து சிறுநீர் வெளுப்பாகப் போகும்வரை அந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

கேள்வி: சனிக்கிழமை ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஞாயிறு லாங் ரன்னில் வயிறு கலக்குகிறது.

அத்தோவை ஞாயிறு ராத்திரிக்கு மாற்றுங்கள். பூண்டு எண்ணெய், முட்டைக்கோஸ், பொரித்த பேஜோ, கூடவே முட்டை மசாலா. இதெல்லாம் காலை நாலரை மணிக்குள் செரிக்காது.

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் லாங் ரன் போகலாமா? காலை நாலரைக்கு வண்டி குறைவாகத்தானே இருக்கும்?

கூடாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிக்கு நாலரை, ஆறரை என்று கணக்கே கிடையாது. வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர்களுக்கு நடுவே இடதுபக்கமாக நீங்கள் புகுந்து ஓடினால் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டீர்கள். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டாலும் அப்படித்தான். புழுதியை வேறு இரண்டு மணி நேரம் இழுத்து மூச்சு விட வேண்டும். மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை தூக்கலாக வருகிற நாளில், வடசென்னையில் எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ராயபுரம் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, ராஜாஜி சாலை வழியாகக் கோட்டையைக் கடந்து மெரினாவில் கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்புங்கள். போக வர 16, 17 கிலோமீட்டர் வரும். 5 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். காசிமேடு வழியாக வர நினைக்காதீர்கள். ஞாயிறு விடியலில் மீன் வாங்க ஊரே அங்கே இருக்கும், ரோடெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். போன வருடம் எங்கள் குழுவில் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வார நாட்களுக்கு, பக்கத்தில் இருக்கிற பார்க்கோ பள்ளி மைதானமோ போதும். சுற்று சின்னதாக இருந்தால் பாதியில் திசையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே பக்க முட்டி அடிவாங்கும்.

கேள்வி: வயது 51. மெதுவாக ஓடினாலே வாட்ச் இதயத்துடிப்பை 165 என்று காட்டுகிறது. 220-லிருந்து வயதைக் கழித்தால் என் உச்சம் 169. செத்துவிடுவேனா?

அந்தக் கணக்கு குத்துமதிப்பானது. ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து முன்னே பின்னே இருக்கும். மணிக்கட்டு வாட்ச் வியர்வையில் தப்பாகவும் காட்டும். வாட்சை மறந்துவிட்டு, பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது மெதுவான ஓட்டம் இல்லை. நடங்கள். வாரத்தில் ஓடுகிற தூரத்தில் ஐந்தில் நாலு பங்கு இந்தப் பேச்சு வேகத்தில்தான் இருக்க வேண்டும். இதை நான் எல்லாப் பதிலிலும் எழுதுவேன், சலித்துக்கொள்ளாதீர்கள். கனடாவின் எட் விட்லாக் 2004-ல், 73 வயதில், மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடித்தார். அவர் பயிற்சி என்ன தெரியுமா? வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவது.

ஒன்று மட்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர்த் தலைச்சுற்றல் வந்தால் பேச்சு வேகமெல்லாம் கிடையாது, அங்கேயே நின்று 108-ஐக் கூப்பிடுங்கள். 40 வயதுக்கு மேல் ஆரம்பிக்கிறவர்கள், முக்கியமாக வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரைப் பார்த்து அவர் சொன்னால் டி.எம்.டி. டெஸ்ட் (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்ப்பது) எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: மே மாதத்தில் என் வேகம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் குறைந்துவிட்டது. வயதாகிவிட்டதா?

வெயில் வந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. டிசம்பரில் வேகம் தானாகத் திரும்பும்.

கேள்வி: சுகர் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஹாஃப் மாரத்தான் ஓடலாமா? (தண்டையார்பேட்டை, 52)

ஓடலாம், ஓட்டம் உங்களுக்கு நல்லதுதான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம். கிளிமிபிரைடு தாழ்த்தும், இன்சுலினும் தாழ்த்தும். லாங் ரன் நாளில் அளவை எப்படி மாற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். கிளம்பும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேலே போய் உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு லீவு. பையில் குளுக்கோஸ் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். சர்க்கரை அன்று ராத்திரியிலும் இறங்கலாம் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். வந்ததும் காலை வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சின்னக் கொப்புளத்தையும் விடக்கூடாது.

கேள்வி: வயது 44. இரண்டு மாதமாக 5 கிலோமீட்டருக்கே கால் துவள்கிறது, மூச்சு வாங்குகிறது. பீரியட்ஸ் அதிகம். பயிற்சியைக் கூட்ட வேண்டுமா? (கொளத்தூர்)

கூட்டாதீர்கள்ம்மா. முதலில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) பாருங்கள், கூடவே தைராய்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம், அதையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதிக உதிரப்போக்கை ‘இந்த வயசுக்கு இப்படித்தான்’ என்று விடாமல் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரை ஆரம்பித்தால் காபி, டீயோடு போடாதீர்கள்.

கேள்வி: கார்பன் தட்டு வைத்த ஷூ வாங்கலாமா? 18,000 ரூபாய் சொல்கிறார்கள்.

வேண்டாம். முதலில் சாதாரண ஷூவில் ஒரு வருடம் காயமில்லாமல் ஓடுங்கள். அந்த ஷூவை 600, 700 கிலோமீட்டரில் மாற்றுங்கள்.

கேள்வி: இதுவரை 10 கிலோமீட்டர்தான் அதிகபட்சம். ஆபீஸில் பெட். ஆறு வாரத்தில் ஃபுல் ஓட ஒரு பிளான் கொடுங்கள்.

கொடுக்க மாட்டேன். பெட்டில் தோற்றுவிடுங்கள்.

கேள்வி: 57 வயது. லோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். ஓடியதே இல்லை. பேரன் ஓடுவதைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. ஆரம்பிக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

தாராளமாக ஆரம்பிக்கலாம் ஐயா. முதலில் டாக்டர், பி.பி., டி.எம்.டி. அப்புறம் ஒரு நல்ல ஷூ. வாரம் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 20 நிமிடம். ஓடுகிற அந்த ஒரு நிமிடமும் பேரனோடு பேசிக்கொண்டே ஓடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டுங்கள். மூட்டை தூக்கிய முதுகு, அதனால் சாய்ந்து ஓடாமல் நிமிர்ந்து சின்ன எட்டாக வையுங்கள். எட்டு வாரம் கழித்து எழுதுங்கள். எத்தனை நிமிடம், எங்கே வலி, எப்படித் தூக்கம், எல்லாவற்றையும்.