எலும்பும் தசையும் இல்லாத ஒட்டுண்ணி எப்படி நீந்துகிறது? அதை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம்?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரியில் கடைசி வருடம், ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதல் பாதி நல்ல கேள்வி. இரண்டாம் பாதியைத்தான் எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

வட இந்தியாவில் ஒரு ஆய்வகத்தில் லீஷ்மேனியா டோனோவானி என்ற ஒட்டுண்ணியோடு சில வருடங்கள் வேலை பார்த்தேன். காலா அசார் நோயைக் கொண்டுவருவது இதுதான். மணல் ஈ கடித்து உடம்புக்குள் வரும், மண்ணீரல் வீங்கும், வைத்தியம் பார்க்காமல் விட்டால் அநேகமாக ஆள் பிழைப்பதில்லை. பீகார், ஜார்க்கண்ட் பக்கம் இந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிற ஊர்கள் உண்டு.

இதற்கு இரண்டு உருவம். மணல் ஈயின் குடலில் இருக்கும்போது ஒல்லியாக, நீளமாக, முன்னால் சாட்டை மாதிரி ஒரு நீள இழையோடு இருக்கும். மனித உடம்பில், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் போனதும் உருண்டையாகிவிடும். சாட்டையும் செல்லுக்கு வெளியே தெரியாத அளவுக்குக் குறுகிவிடும். அந்த ஒல்லி உருவத்தைப் பிடித்து வைத்திருப்பவை சவ்வுக்கு அடியில் வரிசையாக ஓடும், டியூபுலின் என்ற புரதத்தாலான குழல்கள், கூடைக்குப் பிரம்பு மாதிரி. சாட்டைக்குள்ளும் குழல்கள்தான்: சுற்றிலும் ஒன்பது ஜோடி, நடுவில் இரண்டு. டைனீன் என்ற மோட்டார் புரதம் அந்த ஜோடிகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தும்போது சாட்டை வளைகிறது. அலை நுனியில் கிளம்பி அடிப்பக்கம் வரும், அதனால் சாட்டை முன்னே போக உடல் பின்னால் இழுபடும். குழல்களை ஒட்டியே பி.எஃப்.ஆர். என்று ஒரு தடித்த புரதத் தண்டும் ஓடும். அது இல்லாவிட்டால் நீச்சல் கெட்டுப்போகும். (உயிர்வேதியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். டைனீனிலேயே பல வகை உண்டு என்று எனக்கும் தெரியும், இங்கே அவ்வளவு தேவையில்லை.)

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோஃபிலின் என்று ஒரு சின்னப் புரதம். ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழைகளைக் கலைத்து, துண்டுகளை மறுபடி பயன்பட விடுவதுதான் அதன் வேலை. சாட்டையை அசைப்பது டியூபுலினும் டைனீனும், ஆக்டினுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தினர் இந்த ஒட்டுண்ணியில் கோஃபிலின் மரபணுவை நீக்கிப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். செல்கள் குட்டையாகக் கட்டைகட்டையாக ஆகிவிட்டன. சாட்டை சிறுத்துவிட்டது, பி.எஃப்.ஆர். தண்டையே காணோம், செல்களால் நகரவே முடியவில்லை. மரபணுவைத் திருப்பிக் கொடுத்ததும் உருவமும் அசைவும் திரும்பின.

எங்கள் ஆய்வகத்திலும் அப்படிப்பட்ட செல்களை வளர்த்தோம். சாதாரண செல்கள் இருக்கும் ஃப்ளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒன்றில் கண்ணை நிறுத்த முடியாது. ஓடும், முட்டும், திரும்பும். சில சமயம் பத்துப் பதினைந்து சாட்டைகள் ஒரே புள்ளியில் முனை சேர்ந்து பூ மாதிரி நின்று துடிக்கும். பக்கத்து ஃப்ளாஸ்க்கில் மரபணு நீக்கிய செல்கள் அடியில் படிந்து கிடக்கும். செத்துப்போனதோ என்று நினைப்போம், ஆனால் மறுநாள் எண்ணினால் பெருகியிருக்கும். உயிர் இருக்கிறது, சாப்பிடுகிறது, பிரிகிறது, நகர மட்டும் முடியவில்லை. சாட்டையை நேரடியாக ஆட்டாத ஒரு புரதம் போனதற்கே இவ்வளவு! அன்று இரவு அறைக்குப் போயும் தூக்கம் வரவில்லை.

இதற்கு நடுவில் உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. கேட்டால் 'கோப்பு மேலே போயிருக்கிறது' என்பார்கள். செல்களுக்கு ஊற்றும் கன்றுக்குட்டி சீரம் ஒரு பாட்டில் என் மாத உதவித்தொகையைவிட விலை அதிகம், அது நேரத்துக்கு வந்துவிடும். மெஸ் பாக்கிக்கு அண்ணனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. நன்றாக வேலை செய்த இரண்டு பேர் இதனாலேயே பாதியில் விட்டுவிட்டு வங்கித் தேர்வு எழுதப் போனார்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அரசுப் பணம் வீணாகிறது என்று பேசுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

சரி, லாபத்துக்கு வருவோம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், லீஷ்மேனியாவின் சாட்டைப் புரதங்களை ஒவ்வொன்றாக நீக்கி நூறு ரகங்களை உருவாக்கி மணல் ஈக்குள் விட்டார்கள். நேராக நீந்தத் தெரியாதவை ஈயின் குடலில் நிலைக்கவில்லை. ஈக்குள் நிலைக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு நோய் போகாது.

அதைவிட முக்கியம் சென்ட்ரின். சாட்டை முளைக்கிற அடித்தளத்தோடு சேர்ந்த புரதம் இது. 2004இல் இதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர் செல்வபாண்டியன். அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. சென்ட்ரின் மரபணுவை நீக்கினால் நீந்தும் உருவம் வழக்கம்போல வளரும், உருண்டை உருவத்தால் மட்டும் பிரிந்து பெருக முடியாது. அதாவது உடம்புக்குள் போகும், நோய் எதிர்ப்பு சக்திக்குத் தன்னை அடையாளம் காட்டும், பெருகாமலே அடங்கிவிடும். உயிருள்ள தடுப்பூசிக்கு இதைவிட என்ன வேண்டும்? இதே யோசனையில், இதன் உறவு இனமான லீஷ்மேனியா மேஜரின் சென்ட்ரினை நீக்கிய ரகம் எலிகளைத் தோல் நோயிலிருந்து காப்பாற்றியதை 2020இல் வெளியிட்டார்கள்.

இன்னொன்று. இந்த ஒட்டுண்ணியை 1903இல் உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரலில் எடுத்த மாதிரியில் கண்டவர் சார்லஸ் டோனோவன். கண்ட இடம் நம் சென்னை அரசு பொது மருத்துவமனை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே. இங்கிலாந்தில் நெட்லி ராணுவ மருத்துவமனையில் லீஷ்மன் என்ற மருத்துவர், இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் பார்த்ததை அதே வருடம் வெளியிட்டிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து வைத்தவர் ரொனால்ட் ராஸ். சென்னையில் படிக்கிறவராக இருந்தால் லீஷ்மேனியாவையே தலைப்பாக எடுங்கள். கல்லூரியில் இந்தக் கிருமியை வளர்க்க விடமாட்டார்கள், அதற்குத் தனிப் பாதுகாப்பு வசதி வேண்டும். ஆனால் இதன் மரபணுத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சென்ட்ரினிலிருந்து ஆரம்பிக்கலாம்.