டெபியனுக்குத் திரும்பி வந்த கதை: கேள்வி பதில்

பத்தாண்டுக்கு மேல் விலகியிருந்துவிட்டு 2023இல் டெபியன் லினக்ஸுக்குத் திரும்பினேன். விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளம் அது. இப்போது வீட்டிலும் வேலையிலும் அதுதான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அண்ணா, முதலில் ஏன் விட்டுப் போனீர்கள்? (மதுரை)

வைஃபையால். 2011இல் ஆறாம் பதிப்பை நிறுவியபோது என் லேப்டாப்பில் வைஃபை எடுக்கவில்லை. வைஃபை சாதனத்தை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் இல்லை என்பதால், அப்போது அதை நிறுவியில் (டெபியனைக் கணினியில் ஏற்றித் தரும் மென்பொருளில்) சேர்க்க மாட்டார்கள். வேறு கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போட வேண்டும். 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் நிறுவியோடு வருகிறது.

மென்பொருள்கள் எல்லாம் பழசாக இருக்குமே சார்? (சிங்கப்பூர்)

இருக்கும். நான் ஓடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம், இன்று இங்கேயே இருப்பதற்கும் அதுதான் காரணம்.

இடையில் நான் வைத்திருந்தது, ஓயாமல் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும் ஒரு லினக்ஸ். வேலையை ஒப்படைக்க வேண்டிய நாளில் காலையில் அப்டேட் போட்டேன், திரையே வரவில்லை. டெபியனில் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எந்தப் பொதியும் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்) முதலில் 'சிட்' என்ற கிளைக்கு வரும். சில நாள் பெரிய பழுது எதுவும் தெரியவில்லை என்றால் 'டெஸ்டிங்'குக்கு நகரும். வெளியீடு நெருங்கும்போது புதியது எதையும் விடாமல் கதவைச் சாத்திவிட்டு, மாதக்கணக்கில் பழுதை மட்டுமே பார்ப்பார்கள். அப்புறம்தான் 'ஸ்டேபிள்'. சுமார் இரண்டாண்டுக்கு ஒரு முறை அது வரும்.

பழைய பதிப்பு என்றால் ஓட்டையோடு கிடக்கிறது என்று பொருளில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்து, அதே பதிப்பில் பொருத்தித் தருகிறார்கள். மெனு மாறாது, பழகிய கை தடுமாறாது. ஏதாவது ஒன்று புதிதாகத்தான் வேண்டுமென்றால், ஸ்டேபிளுக்கென்றே புதுப் பதிப்புகளைக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸில் தேடுங்கள், இல்லையென்றால் எந்த லினக்ஸிலும் தனியாக நிறுவக்கூடிய ஃபிளாட்பேக். 'சிட்'டிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் உருவிவந்து ஸ்டேபிளில் கலக்காதீர்கள். ஒன்றை இழுத்தால் பத்து கூடவே வரும்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடுமா? (திருச்சி)

தாராளமாக. திரைத் தோற்றத்துக்குக் கனமான க்னோம் வேண்டாம், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் வேறு கணினி மாதிரி இருக்கும். 32 பிட் கணினி என்றால் மட்டும் 12ஆம் பதிப்போடு நிற்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் அதற்கு நிறுவி இல்லை.

கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடுகிறது. (ஈரோடு)

அப்படியென்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். பிழைப்பு அதில் நடக்கிறது. அதே கணினியில் டெபியனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பேக்கப் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழ்99 தட்டச்சு உண்டா? (யாழ்ப்பாணம்)

உண்டு. ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவி, ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். க்னோமில் விசைப்பலகை அமைப்பில் 'தமிழ்' என்று தேடினால் தமிழ்99 வரும்.

உபுண்டு இருக்கும்போது இது எதற்கு? (கோவை)

பலரும் பயன்படுத்தும் இன்னொரு லினக்ஸான உபுண்டுவே டெபியனிலிருந்து எடுத்துத்தான் கட்டப்படுகிறது. இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அப்படித்தான். உபுண்டு உங்களுக்குச் சரிவந்தால் அதிலேயே இருங்கள்.

நிறுவனமே இல்லாமல் யார் இதை நடத்துகிறார்கள்? எப்படி நம்புவது? (சென்னை)

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கியது. அன்றைய தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். இன்றுவரை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், தலைவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என் நம்பிக்கைக்குக் காரணம் 1997இல் அவர்கள் ஏற்ற சமூக ஒப்பந்தம். பழுதுகளை மறைக்க மாட்டோம் என்பது அதில் ஒரு வாக்கு. பழுதுப் பட்டியல் முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. எனக்கு ஏதாவது கோளாறு வந்தால் முதலில் அங்கேதான் தேடுவேன். பெரும்பாலும் யாரோ முன்பே எழுதியிருப்பார்கள், கீழே வழியும் இருக்கும்.

நிரல் எழுதத் தெரியாது. நான் ஏதாவது உதவ முடியுமா? (தஞ்சாவூர்)

கண்டிப்பாக முடியும். டெபியன் நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம். ஒரு முறை அப்படி நிறுவிப் பாருங்கள். எந்த வரி புரியவில்லையோ, எந்தச் சொல் இடறுகிறதோ, குறித்துக்கொண்டு மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்.