யானைக்கு 500, ஆட்டுக்கு 10: பழைய ரயில் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் வக்கீல் அல்ல. கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக 31 ஆண்டுகள் குப்பை கொட்டியவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய ரயில்வே சட்டங்களைப் புரட்டுவது பொழுதுபோக்காகத் தொடங்கி இப்போது வியாதியாகிவிட்டது. நான் இங்கே சொல்வது பெரும்பாலும் 1890-ஆம் ஆண்டின் 9-ஆம் சட்டம், அது முதலில் வந்த வடிவத்தில். அபராதத் தொகை எங்கே வந்தாலும் பின்னால் ‘வரை’ என்று சேர்த்துப் படியுங்கள். சட்டம் சொல்வது உச்சவரம்பு. மாஜிஸ்திரேட் எட்டணாவோடு விட்டாலும் விட்டதுதான்.

ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டபோது சட்டம் என்று ஏதாவது இருந்ததா? (கல்லூரி மாணவி, சென்னை)

இருந்தது அம்மா. ராயபுரம் – வாலாஜா ரோடு ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே 1854-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம் வந்துவிட்டது. பம்பாய் – தாணா ரயில் 1853 ஏப்ரலில் ஓடிய சூட்டோடு போட்ட சட்டம் அது. பிறகு 1879-இல் ஒன்று, 1890-இல் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் நீண்ட ஆயுள்காரர். எத்தனையோ திருத்தங்களைத் தாங்கிக்கொண்டு, 1989-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை உயிரோடு இருந்தார்.

அந்தக் காலத்தில் சங்கிலியை இழுத்தால் என்ன தண்டனை? (மதுரை)

50 ரூபாய் வரை, பிரிவு 108. சட்டத்தில் ‘சங்கிலி’ என்ற சொல்லே இல்லை. பயணிகளுக்கும் ரயிலை நடத்தும் ஊழியர்களுக்கும் இடையே செய்திப் போக்குவரத்துக்காக வைத்த சாதனத்தை, நியாயமான, போதுமான காரணமில்லாமல் பயன்படுத்துவதுதான் குற்றம்.

50 ரூபாய் என்றால் அன்றைக்கு எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். அதே சட்டத்தில் 73-ஆம் பிரிவைப் பாருங்கள். ரயிலில் அனுப்பிய மாடு செத்துப்போனால் ரயில்வே கொடுக்க வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பும் 50 ரூபாய்தான். காரணமில்லாமல் சங்கிலியை இழுத்தவனிடம் சட்டம் ஒரு மாட்டைக் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகுப்பு டிக்கெட் தமிழில் இருந்ததாக என் பாட்டி சொல்வார். வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் அது எப்படி? (கும்பகோணம்)

பாட்டி சொன்னது சரி. 66-ஆம் பிரிவின்படி டிக்கெட்டில் வகுப்பு, புறப்படும் இடம், சேரும் இடம், கட்டணம் நான்கும் இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்த வகுப்பு என்றால் இவை டிக்கெட் கொடுக்கும் ஊரின் முதன்மையான மொழியில் இருக்க வேண்டும். மேல் வகுப்பு என்றால் ஆங்கிலத்தில். கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்புக்காரர் தமிழில் படித்தார், முதல் வகுப்புக்காரர் ஆங்கிலத்தில் படித்தார். தமிழ்ப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துப் புரியாமல் தப்பான ஊருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வாசலில் தகராறு செய்தால் ரயில்வேக்குத்தானே தலைவலி.

எங்கள் ஊர்க் கோயில் யானை ரயிலில் வந்ததாகச் சொல்வார்கள். வழியில் அதற்கு ஏதாவது ஆகியிருந்தால்? (திருநெல்வேலிப் பக்கம்)

இப்படிக் கேள்வி கேளுங்கள், நாள் முழுக்கப் பதில் சொல்கிறேன்.

73-ஆம் பிரிவு உயிர்களுக்கு விலைப்பட்டியல் போட்டிருக்கிறது. யானை, குதிரை தலைக்கு 500. ஒட்டகம், கொம்புள்ள மாடு தலைக்கு 50. கழுதை, செம்மறி, வெள்ளாடு, நாய், மற்ற பிராணிகள் தலைக்கு 10. இதற்கு மேல் ரயில்வே தராது. ‘என் யானை ஐயாயிரம் பெறும்’ என்றால் ஏற்றும்போதே அறிவித்து, கூடுதல் மதிப்புக்கு ரயில்வே கேட்கும் சதவீதக் கட்டணத்தைக் கட்டியிருக்க வேண்டும். செத்த பிறகு வந்து அழுதால் 500-தான்.

அதிலும் ஒரு கொக்கி உண்டு. பிராணி மிரண்டதாலோ முரண்டு பிடித்ததாலோ வந்த சேதத்துக்கு ரயில்வே பொறுப்பில்லை. இன்ஜின் ஊதலுக்கு மிரளாத யானை எது? ஆகவே அறிவிப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு, பாகனையும் கூடவே அனுப்பியவர்தான் புத்திசாலி.

சங்கிலி இழுத்தால் எவ்வளவு? (சேலம்)

ஒரு மாடு. மேலே பாருங்கள்.

பெண்கள் பெட்டி எப்போது வந்தது? ஆண்கள் ஏறினால் என்ன செய்தார்கள்? (வேலூர்)

1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணி ரயிலிலும் கடைசி வகுப்பில் ஓர் அறையாவது பெண்களுக்கு மட்டும் என்று 64-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது. தெரிந்தே அதில் ஏறும் ஆணுக்கு 100 ரூபாய் வரை அபராதம். கொடுத்த கட்டணமும் போச்சு, கீழேயும் இறக்கிவிடுவார்கள். போதையில் வருவது, கெட்ட வார்த்தை பேசுவது, பெட்டியில் விளக்கை அணைப்பது எல்லாவற்றுக்கும் 50-தான். இதற்கு அதைப்போல இரண்டு மடங்கு. விளக்கை அணைப்பதைத் தனியாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். சட்டம் எழுதியவர் இரவு ரயிலில் போனவராகத்தான் இருக்க வேண்டும்.

1909-இல் ஒரு வங்காளிப் பயணி பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ரயிலைத் தவறவிட்டு எழுதிய கடிதத்தால்தான் ரயிலில் கழிப்பறையே வந்தது என்பது உண்மையா? (ஈரோடு)

கடிதம் பிரசித்தம், படித்தால் சிரிப்பு வரும். ஆனால் ‘அதனால்தான் வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். நான் மேலே சொன்ன அதே 64-ஆம் பிரிவு, 50 மைலுக்கு மேல் ஓடும் ரயிலில் பெண்கள் அறை ஒன்றில் கழிப்பறை வைக்க வேண்டும் என்கிறது. கடிதத்துக்கு 19 ஆண்டுகள் முந்தைய சட்டம். மூன்றாம் வகுப்பு ஆண்கள் பாடு திண்டாட்டமாக இருந்தது வேறு கதை.

இடமில்லை என்று கதவை அடைத்துக்கொள்பவர்களுக்குத் தண்டனை இருந்ததா? (விழுப்புரம்)

20 ரூபாய் வரை. நிரம்பிய அறையில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தால் அதே 20. நிரம்பிய அறைக்குள் பயணிகளைத் திணிக்கும் ரயில்வே ஊழியருக்கும் அதே 20, பிரிவு 102. மூன்று பேரையும் ஒரே தராசில் நிறுத்தியதில் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் ஒரு மரியாதை.

போன வாரம் ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பணம் வரவில்லை. என்ன செய்யலாம்? (கோவை)

தம்பி, நான் 1890-இல் இருக்கிறேன். 139-க்குப் போன் செய்யுங்கள். என் காலத்தில் என்றால், டிக்கெட் வாங்கியும் ரயிலில் இடம் கிடைக்காதவர், ரயில் போன மூன்று மணி நேரத்துக்குள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் அங்கேயே பணம் வாங்கிக்கொள்ளலாம்.

தாத்தா பட்டுச் சேலைச் சிப்பம் அனுப்பித் தொலைந்துபோய், ரயில்வே காலணா தரவில்லையாம். அநியாயம் இல்லையா? (காஞ்சிபுரம்)

சிப்பத்தில் பட்டு, ஜரிகை என்று அறிவித்தாரா? இரண்டாம் அட்டவணையில் பொன், வெள்ளி, முத்து, கடிகாரம், பட்டு, ஜரிகைத் துணி, தந்தம், சந்தனம், ஓவியம், பத்திரம் என்று ஒரு பட்டியல் உண்டு. இவற்றில் 100 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள சரக்கை அறிவிக்காமல் அனுப்பினால் பொறுப்பில்லை என்று 75-ஆம் பிரிவு சொல்கிறது. சதவீதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ‘துணி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் ஏராளம். தாத்தாவைக் குறை சொல்லவில்லை, ரசீதைத் தேடுங்கள் என்கிறேன். இழப்பீட்டுக்கு எழுதிக் கேட்கவும் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு.

சரக்கைப் பொய்யாகக் குறிப்பிட்டால் மணங்குக்கு 10 ரூபாய் என்று படித்தேன். மணங்கு சுமார் 11 கிலோதானே? (நாமக்கல்)

இல்லை! இந்தத் தவறு நிறையப் பேருக்கு வருகிறது. 11 கிலோ சொச்சம் நம் மெட்ராஸ் மணங்கு. சட்டத்தில் வருவது வடக்கத்தி மணங்கு, 37 கிலோ சொச்சம். உங்கள் கணக்கில் அபராதம் மூன்று மடங்குக்கு மேல் வீங்கிவிடும்.

ரிஸ்க் நோட் என்றால் என்ன? (தூத்துக்குடி)

சரக்கு ரயில்வே கையில் இருக்கும்போது அதன் பொறுப்பு, ஒப்பந்தச் சட்டப்படி அடுத்தவர் பொருளை வைத்திருப்பவரின் பொறுப்பு. அதைக் குறைக்க வேண்டுமானால் அனுப்புபவர் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும்; படிவமும் அரசு ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். அந்தக் காகிதம்தான் ரிஸ்க் நோட். குறைந்த கட்டணம் வேண்டும் என்பவர் ‘பி’ படிவத்தில் கையெழுத்துப் போடுவார்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குறைந்த கட்டணத்துக்கு ஆசைப்பட்டு அவர்களேதானே கையெழுத்துப் போட்டார்கள்? பிறகு சரக்கு தொலைந்தால் ரயில்வேயைத் திட்டுவது என்ன நியாயம்? எங்கள் குடும்பமும் பி படிவத்தில்தான் மிளகாய் அனுப்பியது. (விருதுநகர்)

வாருங்கள் ஐயா. உங்களைப் போன்ற ஒருவருக்காகத்தான் காத்திருந்தேன்.

பி படிவத்தின் வாசகம் என்ன? சரக்கு முழுதும் போனால், அல்லது ஒரு மூட்டையாவது முழுதாகப் போனால், அதுவும் ரயில்வேயின் வேண்டுமென்றே செய்த அலட்சியத்தாலோ ஊழியர் திருட்டாலோ போனால் மட்டுமே இழப்பீடு. ‘முழுதாக’ என்ற சொல்லில்தான் விஷம். திருடனுக்கு மூட்டையைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. தையலில் நாலு விரல் கடை பிரித்து, பாதியை வடித்துக்கொண்டு, மறுபடி தைத்துவிட்டால் மூட்டை என்னவோ வந்து சேர்ந்துவிட்டது. காலணா கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் படிவம் வழக்கொழிந்திருந்தது, திருடன் கை மட்டும் பழைய வித்தையை மறக்கவில்லை. ஒரு பெரியவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். மூட்டை வாயின் தையலில் சணல் ஓரிடத்தில் வெளுப்பாக, புதிதாக இருக்கும். ஊசி போன துளைகள் இரட்டையாக இருக்கும், பழையது ஒன்று, புதியது ஒன்று. எடை போடும் முன்பே சொல்லிவிடலாம்.

அதற்குத்தான் நீதிமன்றம் இருக்கிறதே? (மீண்டும் விருதுநகர்)

நீதிமன்றத்தில் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியவர் யார்? விருதுநகரில் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி. வேகன் எந்த யார்டில் எத்தனை இரவு நின்றது, யார் காவல், சீல் எப்போது உடைந்தது, எல்லாம் ரயில்வேயின் ஏட்டில். ஏட்டை வைத்திருப்பவன் வாய் திறக்க மாட்டான், நிரூபிக்க வேண்டியவனிடம் ஏடு கிடையாது.

போட்டிக்காரன் குறைந்த கட்டணத்தில் அனுப்பும்போது என் பாட்டனார் மட்டும் கூடுதல் கொடுத்திருந்தால் சந்தையில் நின்றிருக்க முடியாது. விருதுநகர் நண்பர் அதைச் சொல்லவில்லையே? (போடிநாயக்கனூர்)

நன்றாகக் கேட்டீர்கள். கையெழுத்து விருப்பம்தான், மாற்று வழி பெயருக்கு மட்டும் இருந்தது. இந்தப் புலம்பல் அரசு வரை போய், 1924-இல் படிவங்கள் மாறின. சரக்கு தன் கையில் இருந்த காலம் முழுவதும் அதை எப்படிக் கையாண்டது என்று முதலில் ரயில்வே சொல்ல வேண்டும், அதற்குப் பிறகே வியாபாரி நிரூபிக்க வேண்டும் என்று வந்தது. ரயில்வேயே முழுப் பொறுப்பு ஏற்பது 1962 ஜனவரியில்தான் சட்டமாயிற்று.

சங்கிலியை... (திருச்சி)

மாடு! மாடு! மாடு!

பாட்டனாரின் பெட்டியில் பி படிவம் ஒன்று கிடைத்திருக்கிறது. கையெழுத்து இருக்கிறது, தேதி செல்லரித்துவிட்டது. நான் சொன்னது சரி என்று இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா? (விருதுநகர்)

ஒப்புக்கொள்ளும் முன் படிவத்தின் வாசகத்தைப் படித்துச் சொல்லுங்கள். சரக்கை எப்படிக் கையாண்டோம் என்பதை ரயில்வே வெளிப்படுத்த வேண்டும் என்ற வரி இருக்கிறதா? இருந்தால் 1924-க்குப் பிந்தையது, நீங்கள் பாதி ஜெயித்தீர்கள். இல்லையென்றால் பாட்டனார் எத்தனை மூட்டை பாதியாக வாங்கினார் என்று கணக்குப் புத்தகத்தையும் அதே பெட்டியில் தேடுங்கள். நாளை காலை ஏழு மணிக்கு வருகிறேன்.