பழைய ப்ரூட் வாசனை எங்கே கிடைக்கும்?

கேள்வி: அப்பா பூசிய பச்சை பாட்டில் ப்ரூட் வாசம் இப்போது வாங்குவதில் இல்லையே. அதற்கு இணையாக எதை வாங்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. ப்ரூட் என்ற ஆண்களுக்கான வாசனைத் திரவியம் 1964-ல் வந்தது. லாவெண்டர், கூமரின் (காய்ந்த புல் போன்ற இனிய வாசப் பொருள்), ஓக் மரப்பாசி கலந்த ‘ஃபூஜேர்’ வகை அது. அந்தக் காலத்து வாசனைகளுக்குப் பவுடர் போன்ற இனிப்பைத் தந்த மஸ்க் ஆம்ப்ரெட் என்ற செயற்கைக் கஸ்தூரி, வெயில் பட்டால் தோலில் ஒவ்வாமை உண்டாக்கியதால் விலக்கப்பட்டது. மரப்பாசியில் உள்ள, ஒவ்வாமை தரும் அட்ரனாலையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது. கடைசிவரை தங்கும் அடிவாசம் மெலிந்துபோனதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

முதலில் டானா நிறுவனத்தின் கேனோ என்ற வாசனையை முகர்ந்து பாருங்கள். 1936-ல் வந்த அது ப்ரூட்டுக்கு மிக நெருங்கிய சொந்தம். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் அஸாரோ பூர் ஓம் (1978). அதில் சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும், பிடிக்காதவர்களும் உண்டு. இவையும் மாற்றப்பட்டவையே. அதனால் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் காகிதத்தில் அடித்ததும் முடிவு செய்யாதீர்கள். முதல் பத்து நிமிடம் வருவது எலுமிச்சையும் லாவெண்டரும்தான். மணிக்கட்டில் ஒரு முறை அடித்து, தேய்க்காமல், இரண்டு மணி நேரம் கழித்து முகருங்கள். நீங்கள் தேடுவது அப்போது வரும் வாசம்.

வேலூர் வெயிலில் ஆஃப்டர் ஷேவ் சீக்கிரம் பறந்துவிடும், அதைவிட நேரம் நிற்கும் ஸ்ப்ரே வகையான ஓ த துவாலெட் வாங்குங்கள். அடிவாசம் போதவில்லையென்றால் அத்தர் கடையில் பச்சோலி (ஒரு வகை இலையின் எண்ணெய்) கேட்டு, ஊசிமுனை அளவு மார்பில் தொட்டு, அதன்மேல் அடியுங்கள். அளவு கூடினால் மண்வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும்.